குசினியின் ஜிப்சம் சுவரில் பியூஸ் ஸ்பர் பொருத்துவது எப்படி?

வன்னியில் சுவர் என்றால் சீமெந்துக் கல்தான். காடி வெட்டி, குழாய் புதைத்து, பூசி மூடினால் வயரிங் வேலையில் பாதி முடிந்தது. இப்போது ஏ-9 ஓரத்துக் கடைகளையும் அலுவலகங்களையும் தாண்டி ஜிப்சம் போர்ட் வீட்டுக் குசினிக்குள்ளும் வந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை படம் அனுப்புகிறது, இங்கே அம்மாவின் குசினியில் சுவரோடு அலுமாரிகள் பொருத்திய பாண்ட்ரி எழும்புகிறது. தட்டினால் டொக் டொக் என்று கேட்கும் அந்த வெற்றுச் சுவரிலிருந்து புகை உறிஞ்சும் ஹூட், மைக்ரோவேவ், பிரிஜ், தண்ணீர் வடிகட்டி எல்லாவற்றுக்கும் கரண்ட் எடுக்க வேண்டும்.

வயரிங் பழகத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்காகவும், தன் வீட்டில் நடக்கும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க விரும்புகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மீட்டரும் அதற்கு முன்னால் சீல் வைத்த பகுதியும் மின்சாரம் தரும் நிறுவனத்துடையவை, அங்கே யாரும் கை வைக்கக் கூடாது. பிரேக்கர்கள் இருக்கும் பெட்டியான கன்சூமர் யூனிட்டில் புது லைன் ஏற்றுவதையும் கடைசிப் பரிசோதனையையும் அனுமதிப்பத்திரம் உள்ள மின்னிணைப்பாளர்தான் செய்ய வேண்டும். மற்றதை அவர் பக்கத்தில் நின்று பழகலாம்.

பியூஸ் ஸ்பர் ஏன்?

கடையில் "பியூஸ் ஸ்பர்" என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பார்வைக்கு ஒற்றை பிளக் பொயின்ட் மாதிரி இருக்கும், ஆனால் பிளக் செருகும் துளை இருக்காது. ஒரு சுவிட்ச், சிவப்பாக எரியும் சின்ன நியோன், பியூஸ் வைக்கும் சிறு இழுப்பறை, அவ்வளவுதான். கருவியின் வயர் பின்பக்கமாக வந்து நேரே இதில் முடுக்கப்படும். சுவிட்ச் இரட்டைத் துருவ வகையாக இருக்கட்டும். அதுதான் கரண்ட் வரும் லைவ், திரும்பிப் போகும் நியூட்ரல் இரண்டையும் ஒன்றாக அறுக்கும்.

சதுர முள் 13 அம்பியர் பிளக்கில் உள்ளேயே ஒரு பியூஸ் உண்டு. பழைய வட்ட முள் பிளக்கில் அது கிடையாது. ஹூட் போன்ற கருவி அலுமாரிக்குப் பின்னால் போய்விட்டால் பிளக்கைக் கழற்றவோ பியூஸ் மாற்றவோ கை எட்டாது. அதனால் பியூஸையும் சுவிட்சையும் மேசைத் தட்டுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குக் கொண்டு வருகிறோம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. உத்தரவாதம் உள்ள புது பிரிஜ்ஜிலோ மைக்ரோவேவிலோ வார்த்து ஒட்டிய பிளக் வரும், அதை வெட்டினால் உத்தரவாதம் போய்விடலாம். அப்படியானால் கீழே, கருவிக்கு நேர் பின்னால் இல்லாமல் பக்கத்து அலுமாரிக்குள், சாதாரண 13 அம்பியர் பொயின்ட் ஒன்று வைத்து, மேலே 20 அம்பியர் இரட்டைத் துருவ சுவிட்ச் போடுங்கள். பியூஸ் பிளக்கிலேயே இருப்பதால் மேலே இன்னொன்று தேவையில்லை.

முதல் வேலை பேனாவும் கடதாசியும்

ஒவ்வொரு கருவியின் முதுகிலும் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்த்து வாட் அளவை எழுதுங்கள். மைக்ரோவேவில் பெரிய எழுத்தில் இருக்கும் 800 வாட் சமைக்கும் வலு. அது லைனிலிருந்து இழுப்பது 1200, 1300 என்று சின்ன எழுத்தில் வேறாக இருக்கும். நமக்கு வேண்டியது சின்ன எழுத்து.

வாட்டை 230ஆல் வகுத்தால் அம்பியர் வரும். 3 அம்பியர் பியூஸ் 690 வாட் வரை தாங்கும், 13 அம்பியர் 2990 வாட் வரை. ஹூட், அலுமாரிக்குக் கீழ் ஒட்டும் எல்ஈடி பட்டி, தண்ணீர் வடிகட்டி எல்லாவற்றுக்கும் 3 அம்பியர், சிவப்பு நிறப் பியூஸ். மைக்ரோவேவுக்கு 13, மண்ணிறம். பிரிஜ் ஓடும்போது குறைவாகத்தான் இழுக்கும். ஆனால் கொம்பிரஸர் கிளம்பும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். கணக்குப் பார்த்து 3 போட்டால் அடிக்கடி பியூஸ் போகும். அதனுடைய பிளக்கைத் திறந்து கம்பனி என்ன பியூஸ் வைத்து அனுப்பியிருக்கிறது என்று பாருங்கள், அதையே போடுங்கள்.

3000 வாட்டுக்கு மேல் இழுக்கும் மின்சார ஓவன், நாலு தட்டு மின்னடுப்பு, சுடுநீர்க் கருவி எதுவும் ஸ்பருக்கு வரக் கூடாது. அவற்றுக்குத் தனி பிரேக்கரிலிருந்து தனித் தடித்த லைன் வேண்டும்.

ஊரில் பெரும்பாலான வீடுகளுக்கு வருவது 30 அம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்பு. 230ஆல் பெருக்கினால் மொத்த வீட்டுக்கும் 6900 வாட். குசினிக்கு 20 அம்பியர் பிரேக்கரில் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் ஒரு லைன் எடுத்தால் 4600 வாட் வரை போகலாம். நம் கடைகளில் இந்த வயரை 7/0.67 என்று கேட்க வேண்டும். கேத்தல் 2000, மைக்ரோவேவ் 1300, பிரிஜ்ஜும் ஹூட்டும் சேர்த்து ஒரு 400 என்றால் 3700, அடங்கிவிடும். அதோடு ரைஸ் குக்கரையும் இன்டக்ஷன் அடுப்பையும் சேர்த்து ஓட்டினால் அடங்காது. அவற்றுக்கு இன்னொரு லைன் எடுங்கள். கல்யாண வீட்டுக் காலத்தில் பிரேக்கர் விழுந்து கொண்டிருந்தால் உங்களைத்தான் திட்டுவார்கள்.

மண், எர்த், ட்ரிப் சுவிட்ச்

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பியூஸ் போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்று நினைக்கிறார்கள். பியூஸ் காப்பாற்றுவது வயரைத்தான். ஆளைக் காப்பாற்றுவது ட்ரிப் சுவிட்ச்.

நம் வீடுகளுக்கு எர்த் வெளியிலிருந்து வருவதில்லை, வளவில் நாம் அடிக்கும் கம்பிதான் எர்த். மாரியில் மண் ஈரமாக இருக்கும்போது அது நன்றாகப் பிடிக்கும். ஆவணி வெயிலில் கிணறே அடி தெரியும்போது அந்தக் கம்பியைச் சுற்றியுள்ள மண்ணும் காய்ந்து தடை ஏறும். 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஹூட்டின் தகரத்தில் லைவ் வயர் தட்டினால் எர்த் வழியே ஓடும் கரண்ட் 230ஐ 50ஆல் வகுத்தது, 4.6 அம்பியர். ஹூட்டின் 3 அம்பியர் பியூஸ்கூட அதற்கு உடனே போகாது, 20 அம்பியர் பிரேக்கரும் அசையாது. எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும், ஹூட்டின் உடம்பு முழுக்கக் கரண்ட் நிற்கும். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழும் ட்ரிப் சுவிட்ச் மட்டும்தான் அந்த நேரம் லைனை அறுக்கும்.

எனக்கு இதைப் படிப்பித்தது பரந்தன் பக்கம் ஒரு குசினி. பாண்ட்ரி பூட்டி இரண்டு கிழமை. அந்த வீட்டு அக்கா ஹூட்டைத் துடைக்கும்போது விரல் "சுரு சுரு" என்கிறது என்றார். போய்ப் பார்த்தால், மேல் அலுமாரியைத் தொங்கவிட ஓடாவி அடித்த இரண்டு அங்குலத் திருகாணி சுவருக்குள் போன லைவ் வயரின் தோலைச் சீவி, உள்ளே இருந்த தகரச் சட்டத்திலும் தொட்டுக்கொண்டு நின்றது. சட்டம் முழுக்கக் கரண்ட். சரி, ட்ரிப் சுவிட்ச் ஏன் விழவில்லை? முன்பு யாரோ "சும்மா சும்மா விழுகிறது" என்று அதை விட்டு நேரே வயர் கொடுத்திருந்தார்கள். அது சும்மா விழவில்லை. திருகாணியைக் கழற்றி, வயரை மாற்றி, ட்ரிப் சுவிட்சைத் திரும்ப லைனில் சேர்த்த பிறகுதான் அந்த வீட்டுத் தேநீரைக் குடித்தேன்.

ஆகவே குசினி வேலை தொடங்குமுன் கன்சூமர் யூனிட்டைத் திறந்து பார்ப்பது முதல் படி. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாவிட்டாலோ, பைபாஸ் பண்ணியிருந்தாலோ ஸ்பர் வேலையைத் தள்ளிவைத்து அதை முதலில் சரிசெய்ய வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழ வேண்டும். ஆனால் அந்தப் பொத்தான் சுவிட்சின் உள்பொறியை மட்டும்தான் சோதிக்கும், எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அது அழகாக விழும். எர்த்தைக் கருவி வைத்துத்தான் அளக்க வேண்டும்.

சுவருக்குள் இருப்பதைக் கண்டுபிடிப்பது

இந்தச் சுவரின் எலும்பு தகர ஸ்டட். பெரும்பாலும் இரண்டு அடிக்கு ஒன்று, சில இடங்களில் பதினாறு அங்குலத்துக்கு ஒன்று. இரண்டு பக்கமும் போர்ட், நடுவில் வெற்று. ஸ்டட் எங்கே என்று கண்டுபிடிக்கப் பழைய ஸ்பீக்கர் காந்தம் போதும். சுவரில் மெல்லத் தேய்த்துக்கொண்டு போனால் திருகாணி உள்ள இடத்தில் பிடிக்கும். அப்படி மேலும் கீழுமாக நாலு இடம் பிடித்தால் அந்தக் கோட்டில் ஸ்டட். பென்சிலால் கோடு போடுங்கள்.

ஸ்பரின் இடம் மேசைத் தட்டிலிருந்து ஒரு சாண் மேலே, அடுப்புக்கு நேர் மேலே இல்லாமல், தண்ணீர்த் தொட்டியின் ஓரத்திலிருந்து குறைந்தது ஓர் அடி தள்ளி. வயர் எப்போதும் ஸ்பரிலிருந்து நேர் மேலே அல்லது நேர் கீழேதான் போக வேண்டும், குறுக்கே சாய்த்து இழுக்கக் கூடாது. நாளைக்குப் படம் மாட்ட ஆணி அடிக்கிறவர், சுவிட்சுக்கு நேரே வயர் இருக்கும் என்று ஊகிப்பார். சாய்வாக ஓடுவதை யாரால் ஊகிக்க முடியும்?

கரண்டை நிற்பாட்டுவது

பிரேக்கரை மட்டுமல்ல, மெயின் சுவிட்சையே நிற்பாட்டி, வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லி, அதன் மேல் ஒரு துண்டு ஒட்டுங்கள். இன்வேர்ட்டர், ஜெனரேட்டர், கூரைச் சூரியத் தகடு எது இருந்தாலும் அவற்றையும் நிற்பாட்டுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த காலத்தில், "கரண்ட் இல்லாத நேரம்தானே" என்று மெயினைத் தொடாமல் வேலை செய்து பழகியவர்கள் உண்டு. அட்டவணையில் ஆறு மணி என்றிருக்கும், ஐந்தே முக்காலுக்கு வந்துவிடும்.

டெஸ்டர் ஸ்க்ரூ ட்ரைவரை நம்பாதீர்கள். பகல் வெளிச்சத்தில் அதன் நியோன் தெரியாது, காலில் தடித்த செருப்பிருந்தால் மங்கும். மல்டிமீட்டர் எடுத்து, முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்து 230 காட்டுகிறதா என்று பார்த்து, பிறகு நிற்பாட்டிய இடத்தில் லைவ்–நியூட்ரல், லைவ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் பார்த்து, கடைசியில் மீண்டும் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். அப்போதுதான் மீட்டர் நடுவில் செத்துப்போகவில்லை என்று தெரியும். மெயின் நிற்கும்போது கரண்ட் உள்ள இடம் எங்கே என்று கேட்பீர்கள். பக்கத்து வீட்டில் ஒரு பொயின்ட் கேட்டுப் பார்க்கலாம், யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

வெட்டுவதும் பொக்ஸ் பூட்டுவதும்

போர்டுக்கென்றே மடிப்புக் காது வைத்த பொக்ஸ் உண்டு. துளைக்குள் தள்ளித் திருகாணியை முடுக்கினால் காது பின்னால் விரிந்து போர்டைக் கவ்விக்கொள்ளும். கிளிநொச்சியில் சில நேரம் கிடைக்கும், சில நேரம் வவுனியாவுக்குப் போக வேண்டி வரும். கிடைக்காவிட்டால் கல் சுவரில் புதைக்கும் சாதாரண சங் பொக்ஸே போதும், ஆனால் அதை வெறும் போர்டில் நிற்பாட்ட முடியாது. போர்ட் அடிக்கும் முன்பே இரண்டு ஸ்டட்டுக்கும் நடுவே ஒரு மரத்துண்டை வைத்துத் திருகி, பொக்ஸை அதில் பூட்டுங்கள். எனக்குக் கேட்டால் குசினியில் இதுதான் நல்லது. தினமும் ஈரக் கையோடு அமத்தும் சுவிட்சுக்கு மரம் பிடித்தால் ஆட்டம் வராது. ஆழமான பொக்ஸையே எடுங்கள். ஸ்பருக்குப் பின்னால் இரண்டு வயர் வந்து திரும்ப இடம் வேண்டும்.

ஏற்கெனவே அடித்த சுவரென்றால் பொக்ஸை வைத்துச் சுற்றிக் கோடு கீறி, நீர்மட்டம் பார்த்து, நடுவில் ஒரு சின்னத் துளை போட்டு வளைத்த கம்பியை உள்ளே விட்டுச் சுழற்றுங்கள். தண்ணீர்க் குழாய், ஸ்டட், பழைய வயர் ஏதும் முட்டினால் அங்கே வெட்டக் கூடாது. எதுவும் முட்டவில்லை என்றால் கோட்டுக்கு ஒரு நூல் உள்ளே விட்டே ஊசி வாளால் அறுங்கள். பெரிதாக்குவது சுலபம், சின்னதாக்க முடியாது. வாளை நேரே ஆழமாகக் குத்தாமல் சாய்த்துப் பிடித்தால் பின்பக்கத்தில் இருப்பது தப்பும்.

குசினிக்குப் பச்சை நிற ஈரம் தாங்கும் போர்ட் வாங்கச் சொல்லுங்கள். வெள்ளைப் போர்ட் தண்ணீர்த் தொட்டியருகே ஊதிப்போனால் பொக்ஸின் காதுகள் பிடிப்பு இழந்துவிடும்.

வயர் இழுப்பது

மேலிருந்து கீழே இறக்குவதற்கு நான் பாவிப்பது ஒரு தையல் நூலும் நுனியில் கட்டிய நட்டும். நட் கீழே துளையருகே வந்ததும் காந்தத்தால் வெளியே இழுத்து, நூலில் வயரைக் கட்டி மேலே இழுக்கலாம்.

தகர ஸ்டட்டில் உள்ள துளைகளின் விளிம்பு சவர அலகு மாதிரி. வயர் அவற்றின் வழியே போகுமிடம் எல்லாம் ரப்பர் வளையம் போடுங்கள், அல்லது பிவிசி குழாய்க்குள் விடுங்கள். நான் குழாயையே சொல்வேன், காரணம் எலி. வெற்றுச் சுவர் எலிக்குக் கட்டிக் கொடுத்த வீடு, குசினி மணம் வேறு. குழாய் நுழையும் துளைகளைச் சிலிக்கனால் அடைத்து விடுங்கள், எறும்பு பொக்ஸுக்குள் கூடு வைப்பதும் நிற்கும்.

சத்தம் கேட்காமலிருக்கச் சிலர் சுவருக்குள் கம்பளிப் பஞ்சு அடைப்பார்கள். பஞ்சுக்கு நடுவே போகும் வயர் சூட்டை வெளியே விடாது. சுவருக்கு வெளியே கிளிப் அடித்து ஓடும்போது 27 அம்பியர் தாங்கும் 2.5 தட்டைக் கேபிள், அப்படிப் புதைந்தால் 13.5 அம்பியர்தான் தாங்கும். 20 அம்பியர் பிரேக்கர் அதைக் காப்பாற்றாது. ஒன்றில் வயரின் வழியில் பஞ்சை விலக்குங்கள், அல்லது தடித்த வயர் போடுங்கள்.

போர்ட் மூடுமுன் அளவு நாடாவைச் சுவரில் பிடித்தபடி போனில் படம் எடுங்கள். பிறகு அதை ஓடாவிக்கு அனுப்புங்கள். பரந்தன் குசினியில் அந்த ஒரு படம் இருந்திருந்தால் போதும்.

முனைகள்

ஸ்பரின் பின்னால் ஆறு பிடிகள் இருக்கும். லைனிலிருந்து வருவதற்கு ஒரு லைவ், ஒரு நியூட்ரல், கருவிக்குப் போவதற்கு இன்னொரு லைவ், நியூட்ரல், மற்றவை எர்த். எது வரவு எது செலவு என்று அருகில் அச்சிட்டிருக்கும். புதியவர்கள் அதிகம் பிழைவிடுவது இங்கேதான். இரண்டையும் மாற்றிக் கொடுத்தாலும் கருவி ஓடும், அதனால் பிழை தெரியாது. ஆனால் சுவிட்சை நிற்பாட்டிய பிறகும் பியூஸ் இழுப்பறையில் கரண்ட் நிற்கலாம்.

புது வயரில் மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். பழைய வீட்டில் சிவப்பும் கறுப்பும் பச்சையும் இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கறுப்புதான் நியூட்ரல், மண்ணிறத்தோடு குழப்பக் கூடாது. தோலை ஒரு சென்ரிமீட்டருக்குக் குறைவாக உரித்து, ஏழு இழையையும் ஒன்றாக முறுக்கி, பிடிக்குள் விட்டு முடுக்குங்கள். பிறகு ஒவ்வொரு வயரையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். தளர்வான முனைதான் சூடாகிக் கருகும், பிரேக்கருக்கு அது தெரியவே தெரியாது. கருவியின் வயரைப் பிடிக்கும் கவ்வியையும் இறுக்க மறக்க வேண்டாம். தகரப் பொக்ஸ் என்றால் அதற்கும் ஒரு துண்டு எர்த். தகர ஸ்டட் சட்டத்துக்கும் ஒரு எர்த் கொடுப்பது என் பழக்கம், எல்லாரும் செய்வதில்லை. கொடுத்திருந்தால் அப்படியொரு திருகாணி தொட்ட கணமே ட்ரிப் விழும், யாரும் தொடும்வரை காத்திருக்காது.

பியூஸ் போன பிறகு சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிப் போடும் கெட்டித்தனம் இன்னும் இருக்கிறது. உதிரிப் பியூஸ் இரண்டை ஒரு சின்னப் பொலித்தீனில் போட்டு அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிட்டால் அந்த யோசனையே வராது.

கரண்ட் போடுமுன்

மின்னிணைப்பாளர் 500 வோல்ட் மெகர் என்ற கருவியால் வயர்த் தோலின் காப்பை அளக்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே போகக் கூடாது, புது வயரில் அதைவிடப் பல மடங்கு மேலே காட்டும். மல்டிமீட்டர் இதற்குப் போதாது. அதன் சின்ன பற்றரி அழுத்தத்துக்குச் சீவிய தோல் காட்டிக்கொடுக்காது. அளக்குமுன் கருவிகளைக் கழற்றி, எல்ஈடி பட்டியின் டிரைவரையும் பிரித்து வையுங்கள். ஸ்பரின் நியோன் லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இருப்பதால் சுவிட்ச் போட்ட நிலையில் அளவு குறைவாகத் தெரியலாம், பயப்பட வேண்டாம்.

அப்புறம் மெயினைப் போட்டு, ட்ரிப் சுவிட்சைப் போட்டு, குசினிப் பிரேக்கரை மட்டும் ஏற்றுங்கள். பிரேக்கரை ஏற்றாமலே ட்ரிப் விழுந்தால் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொடுகின்றன. பிரேக்கர் லைவை மட்டும்தான் அறுக்கும், அதனால் அந்தத் தொடுகை அப்படியே நிற்கும். பெரும்பாலும் பொக்ஸுக்குள் நசுங்கிய வயராக இருக்கும். பிரேக்கரை ஏற்றியதும் விழுந்தால் லைவும் எர்த்தும். ஒரு கருவியைப் போடும்போது மட்டும் விழுந்தால் பிழை சுவரில் இல்லை, கருவியில்.

எதுவும் விழாமல் நின்றால் ஒவ்வொரு ஸ்பரிலும் எந்தக் கருவி, எத்தனை அம்பியர் பியூஸ் என்று சிறு ஒட்டுத்தாளில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். கன்சூமர் யூனிட்டின் கதவிலும் "குசினி 1", "குசினி 2" என்று எழுதுங்கள். எழுதும்போது அந்த வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, சோதனைப் பொத்தானை அவர் கையாலேயே ஒருமுறை அழுத்த வையுங்கள்.